காதுக்காரர்

கண்ணை மூடிக்கொண்டு, வலது கை நடுவிரலை மடக்கி, பக்கத்து வீட்டுக்காரர் புதிதாகப் போட்டிருக்கும் வாசல் கதவை மேல் மூலையிலிருந்து தட்டிக்கொண்டே இறங்குகிறார் காதுக்காரர். பூட்டுக்குப் பக்கத்தில் இரண்டு தட்டு. கீலருகே ஒரு தட்டு. முழங்கால் உயரத்துக்கு வந்ததும் குந்தி உட்கார்ந்து காதைக் கதவோடு ஒட்டிக்கொள்கிறார். கதவு எப்படி இருக்கிறது என்று பார்க்கத்தான் கூப்பிட்டார்கள். அவர் இன்னும் அதைப் பார்க்கவே இல்லை. எழுந்து முட்டியைத் தேய்த்துவிட்டுக்கொண்டு சொல்கிறார்: "உள்ள ஒண்ணுமே இல்லையே சார். மேல தோல் மட்டும் ஒட்டியிருக்கான். அட்டைப்பெட்டிக்குக் கீல் வச்சுக் கொடுத்திருக்கான்."

பக்கத்து வீட்டுக்காரரின் முகம் விழுந்துவிடுகிறது. பின்னால் நிற்கிற பாலிஷ்காரம்மா, அதாவது காதுக்காரரின் மனைவி, முந்திக்கொண்டு, "கலர் ரொம்ப அழகா இருக்குங்க. வாசலுக்கே ஒரு களை வந்துடுச்சு," என்கிறாள். கல்யாணமான நாளிலிருந்து அவளுக்கு இதுதான் வேலை. அவர் தட்டிவிட்டுப் போவார், இவள் ஒட்டவைப்பாள். வங்கி மேலாளரின் மேசையைத் தட்டியிருக்கிறார். துக்கம் கேட்கப் போன வீட்டில் கூடத்திலிருந்த பழைய அலமாரியைத் தட்டிவிட்டு, "இதை விக்கிற எண்ணம் இருந்தா எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க," என்றிருக்கிறார். அன்றைக்குப் பூமி பிளந்து தன்னை விழுங்கிவிடக் கூடாதா என்று இருந்தது அவளுக்கு.

வீட்டின் பின்பக்கத்து இரண்டு அறைகளில் இருவரும் கிட்டார் செய்கிறார்கள். கடையில் வரிசையாகத் தொங்குகிற சரக்கு இல்லை. கேட்டவருடைய கைக்குத் தக்கபடி ஒவ்வொன்றாகச் செய்வது; மேடையில் வாசிக்கிறவர்கள் பெயர் சொல்லி வாங்குவது. மரத்தைப் பொறுக்குவது, இழைப்பது, வளைப்பது, வஜ்ஜிரம் காய்ச்சி ஒட்டுவது எல்லாம் அவர். அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்து, துணிப்பந்தில் தொட்டு, வட்டம் வட்டமாகத் தேய்த்து மெருகேற்றுவது இவள். பலகையைத் தட்டிப் பார்த்தே நாளைக்கு அது எப்படிப் பாடும் என்று சொல்லிவிடுகிறார் என்பதால் மர வியாபாரிகள் அவருக்குக் காதுக்காரர் என்று பெயர் வைத்தார்கள். வைத்தவர்கள் அதோடு போய்விட்டார்கள். அந்தப் பெயரோடு குடித்தனம் நடத்துகிறவள் இவள்.

பலகையைத் தட்டுவதற்கு ஒரு முறை உண்டு. ஓரத்திலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் பிடித்தும் பிடிக்காமலும் தொங்கவிட வேண்டும். காதுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நடுவில் ஒரு தட்டு. நல்ல பலகை 'ணங்' என்று சொல்லும். சொல்லிவிட்டு உடனே நிறுத்தாது; அந்த ணங்குக்கு ஒரு வால் நீளும். மோசமான பலகை 'டொக்' என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளும். "வால் இருந்தா மரம். வால் இல்லாட்டி விறகு," என்பார். கிட்டாருக்கு முகம் மாதிரி இருக்கிற மேல்பலகை இருக்கிறதே, சத்தத்தின் முக்கால் பங்கு அதில்தான் என்பது அவர் கட்சி. அதற்குக் குளிர்மலையில் மெல்ல மெல்ல வளர்ந்த ஸ்ப்ரூஸ் மரம் வேண்டும். கனமே இருக்கக் கூடாது, ஆனால் வளைத்தால் முரண்டு பிடிக்க வேண்டும். தேவதாரு முதல் நாளே இனிக்குமாம்; ஸ்ப்ரூஸ் வாசிக்க வாசிக்கத்தான் வாயைத் திறக்குமாம். முதுகுப் பலகை ஈட்டி மரமென்றால் அடியில் ஒரு ஆழம் வரும், மஹாகனியென்றால் பேச்சு நறுக்கென்று இருக்கும். அவ்வளவுதான் முதுகுக்கு அவர் கொடுக்கிற மரியாதை.

வாங்க வருகிறவர்களோ முதுகைப் பார்த்துத்தான் மயங்குவார்கள். கறுப்பும் சிவப்புமாகக் கோடு நெளிகிற ஈட்டி மரப் பலகை ஒன்றை இரண்டாகப் பிளந்து, புத்தகம் விரித்த மாதிரி இரண்டு பக்கமும் ஒன்றுபோல ஒட்டியிருக்கும். அதைத் தடவிக்கொண்டே இருப்பார்கள். காதுக்காரருக்கு அதைக் கண்டால் ஆகாது. அவர்களைச் சுவர்ப்பக்கம் திருப்பி நிற்கவைத்துவிட்டு, பின்னாலிருந்து வாசித்துக் காட்டி, "எது பிடிச்சிருக்கு சொல்லுங்க. திரும்பாதீங்க," என்பார். வயதுக்கு மூத்தவர்கள்கூடச் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அதில் கோபித்துக்கொண்டு செருப்பை மாட்டியவர்கள் உண்டு.

"கண்ணால மரம் வாங்குறவன் கண்ணாலயே வாசிச்சுக்கட்டும்," என்பார் அவர்.

"கண்ணுக்குப் பிடிச்சாத்தாங்க கையில எடுப்பாங்க. கையில எடுத்தாத்தான காதுக்குப் போகும்," என்பாள் இவள். நெளிகிற அந்தக் கோடுகளைப் பளிச்சென்று வெளியே கொண்டுவருவது அவளுடைய அரக்கு. அதை அவர் ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை. மூன்றாவது பூச்சு போகும்போதே வாசலில் வந்து நிற்பார். "போதும் போதும். கம்பளி போத்துற மாதிரி போத்தாத. அது மூச்சு விடட்டும்." இன்னும் பளபளப்பே வரவில்லையே என்றால், "பளபளப்பு வேணும்னா கண்ணாடி வாங்கிக்கச் சொல்லு," என்று போய்விடுவார். அவள் துணிப்பந்தைக் கிண்ணத்தில் எறிவாள். பிறகு அவளே எடுத்துக்கொள்வாள்.

வீட்டில் ஏசி இருப்பது மர அறையில் மட்டும். ஈரம் காட்டுகிற முள் ஒன்று சுவரில் மாட்டியிருக்கிறது. அது கொஞ்சம் ஏறினாலும் அவருக்கு ரத்த அழுத்தமும் கூடவே ஏறும். புருஷனும் பெண்டாட்டியும் வியர்த்து வழிந்துகொண்டு படுத்திருக்க, பக்கத்து அறையில் பலகைகள் சில்லென்று தூங்கும். குக்கர் விசில் அடிக்கும்போது சமையலறைக் கதவைச் சாத்த வேண்டும். ஈரத்துணியை உள்ளே உலர்த்தக் கூடாது. கூடத்தில் சிரிக்கலாம், ஆனால் அவர் பலகையைத் தூக்கியிருக்கும்போது சிரிக்கக் கூடாது. எதைக் கேட்டாலும் ஒரே பதில், "இன்னும் காயல." நான் காய்ந்து கருவாடாகிவிட்டேன், அது உங்களுக்குத் தெரியவில்லையா என்று அவள் கேட்டிருக்கிறாள். அதற்கு அவர், "கருவாட்டுக்கு ஈரம் அதிகம்," என்றார்.

அந்த அறையின் மேல் தட்டில், பருத்தித் துணி சுற்றி, தனியாக இருப்பவள் மகாராணி. ஒரு ஜோடி ஸ்ப்ரூஸ் பலகைதான். பல வருஷங்களுக்கு முன் ஒரு லாரிச் சரக்கையே தட்டிப்பார்த்து அவர் பொறுக்கியது. தினமும் காலையில் பல் தேய்த்த கையோடு அதை இறக்கி, ஒரு தட்டு தட்டி, அந்த வால் நீண்டு அடங்கும் வரை கண்ணை மூடி நின்றுவிட்டு, மறுபடி துணி சுற்றி ஏற்றிவைப்பார். எத்தனையோ பேர் கேட்டார்கள், கொடுக்கவில்லை. "இதுக்கு ஒரு கை வரும்," என்பார். பாலிஷ்காரம்மாவுக்கு மகாராணிமேல் உள்ளூர ஒரு சக்களத்தி எரிச்சல் உண்டு. காலையில் எழுந்ததும் தன்னை ஒருநாளாவது கண்ணை மூடிக்கொண்டு கேட்டிருப்பாரா இந்த மனுஷர்?

கேட்பதாவது. ஏதாவது சொன்னால் பதிலே வராது. மின்சாரக்காரர் வந்துவிட்டுப் போனார் என்றால் பேசாமல் இருப்பார். சாப்பிட வாருங்கள் என்று இரண்டு முறை கூப்பிட்டுவிட்டு, மூன்றாவது முறை நேரில் போய் நின்றால், "கூப்பிடறதுக்கு என்ன?" என்பார். மகன் போனில் பேசினால் எல்லாவற்றுக்கும் "ம்" என்று தலையாட்டிவிட்டு, வைத்தபிறகு, "என்ன சொன்னான்?" என்று இவளைக் கேட்பார். ஆம்பளை குணம், வயசான திமிர், காதுக்காரர் என்று பட்டம் வாங்கியவருக்கு மனைவி சொல் மட்டும் காதில் ஏறாது என்று அவள் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். அவர்களும் சிரிப்பார்கள். தங்கள் வீட்டிலும் இதே கதைதான் என்பார்கள்.

இந்த இரண்டு வருஷத்தில் இன்னொரு புதுத் தொல்லை. எந்தப் பலகையும் அவருக்குப் பிடிக்கவில்லை. மர வியாபாரி கட்டுக் கட்டாகக் கொண்டுவந்து பிரிப்பார். காதுக்காரர் ஒவ்வொன்றாகத் தூக்கித் தட்டி, உதட்டைப் பிதுக்கி, ஒதுக்குவார். "டொக்கு. இதுவும் டொக்கு. செத்த மரமா அறுத்துக்கிட்டு வர்றான் பாரு. முன்ன மாதிரி இப்ப எவன் மரம் வெட்டுறான்?" வியாபாரி பழகிய மனிதர், பொறுத்துக்கொண்டார். மூன்றாவது முறையும் முழுக்கட்டையும் திருப்பி ஏற்றும்போதுதான் வாசலில் பாலிஷ்காரம்மாவிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. போன தடவை இவர் ஒதுக்கின பலகையைத்தான் வேற ஒருத்தர் வாங்கிட்டுப் போனார். இதுமாதிரி மரம் பார்த்ததே இல்லைன்னு நேத்துகூடப் போன் பண்ணாரு. காதுக்காரருக்கு எம்மேல ஏதாவது கோபமா?"

அவருக்கு எல்லார்மேலும் கோபம்தான் தம்பி என்று சொல்லி அனுப்பினாள். வேறென்ன சொல்வது?

கோபம் ஒரு பக்கம் இருக்க, கொடுத்த வாக்கு ஒன்று கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தது. மேடையில் கிட்டார் வாசிக்கிற ஒரு பெண்மணி ஆறேழு மாதம் முன்னால் வந்திருந்தார். அவருடைய பழைய கிட்டார் பயணத்தில் விழுந்து கழுத்து முறிந்துவிட்டது. ஒட்டினார்கள், ஆனால் முன்புபோல் பாடவில்லை. மழைக்காலம் முடிந்ததும் பெரிய வாத்தியக் குழுவோடு வாசிக்கப் போகிறார், இத்தனை வருஷம் அதற்காகக் காத்திருந்தாராம். காதுக்காரர் வழக்கம்போல் அவரையும் சுவர்ப்பக்கம் திருப்பினார். அந்த அம்மாள் சுவரைப் பார்த்து நின்று, எல்லாவற்றையும் கேட்டு, சரியான மேல்பலகையைச் சரியாகச் சொல்லிவிட்டுத் திரும்பி, "ஆனா முதுகுக்கு எனக்கு அந்தக் கறுப்பு ஈட்டிதான் வேணும். மேடையில பயத்துல கை நடுங்கும்போது அதைத்தான் நான் கட்டிப்பிடிச்சுட்டு உட்காரணும். அழகா இல்லாததை எப்படிக் கட்டிப்பிடிக்கிறது?" என்றார். பாலிஷ்காரம்மாவுக்கு அவரை அங்கேயே பிடித்துப்போயிற்று. பிறகு அவர் வாசித்துக் காட்டினார். காதுக்காரர் தலையைச் சாய்த்து, உள்ளங்கையைக் கிட்டாரின் விலாவில் வைத்துக்கொண்டு கேட்டார். முடிந்ததும், "உங்க கைக்கு மகாராணியைத் திறக்கலாம்," என்றார். பாலிஷ்காரம்மா கையிலிருந்த கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டாள்.

சொன்னவர் திறந்தாரா? முதுகும் விலாவும் தயாராயின. மேல்பலகைக்கு வரும்போது, மகாராணிக்கு உடம்பு சரியில்லை என்றார். ஒரு வாரம் போகட்டும் என்றார். ஏசியைக் கூட்டினார், குறைத்தார். மகாராணியைக் கிழக்குச் சுவரிலிருந்து மேற்குச் சுவருக்கு மாற்றினார். அந்தப் பெண்மணி போன் செய்யும்போதெல்லாம் எடுத்துப் பேசுவது இவள். "வேலை நடந்துக்கிட்டே இருக்கும்மா," என்று சொல்லிச் சொல்லி அவளுக்கே நாக்கு கூசியது.

அப்புறம் ஒருநாள் காலை, இவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருக்கும்போது, பலகையும் கையுமாக வந்து நின்றார். முகம் வெளிறியிருந்தது. "செத்துட்டா," என்றார்.

"யாரு?"

"மகாராணி. டொக்குன்னு விழுது. எல்லாம் உன் குக்கர்தான். கதவைச் சாத்து, கதவைச் சாத்துன்னு எத்தனை தடவை சொல்றது? ஆவி ஏறி ஏறிக் கொன்னுட்ட. இத்தனை வருஷமாக் காப்பாத்தி வச்சது, ஒரு குழம்புல போச்சு."

பாலிஷ்காரம்மாவுக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. இத்தனை வருஷம் கதவைச் சாத்திக்கொண்டு வெக்கையில் வெந்தவள் அவள். கத்தியை வைத்துவிட்டு, கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, பலகையை அவர் கையிலிருந்து பிடுங்கினாள். அவர் பிடிப்பதுபோலவே இரண்டு விரலில் தொங்கவிட்டாள். தன் காதருகே கொண்டுபோய், இருந்த ஆத்திரத்தையெல்லாம் சேர்த்து ஒரு தட்டு தட்டினாள்.

ணங்.

அடுக்களையில் இருந்த பாத்திரமெல்லாம் கேட்டிருக்கும். வால் நீண்டது, நீண்டுகொண்டே போனது, ஜன்னலுக்கு வெளியே போய் எங்கோ அடங்கியது. தினமும் காலையில் அறைக்கு அப்பாலிருந்து அவள் கேட்கிற அதே சத்தம். ஒரு பொட்டுக்கூடக் குறையவில்லை. அவர் அவளைப் பார்த்துக்கொண்டு நின்றார். "பார்த்தியா?" என்றார். "நான் சொல்லல? செத்தே போச்சு."

"நல்லாத்தான இருக்கு," என்றாள் அவள், மெதுவாக.

"என்ன முணுமுணுக்கிற?"

அவர் முதுகைக் காட்டித் தண்ணீர் எடுக்கப் போனார். அவள் அவருக்குப் பின்னால் ஒரு எட்டு வைத்து, அவர் தலைக்குப் பக்கத்திலேயே மகாராணியை மறுபடி ஒருமுறை தட்டினாள். ணங்கென்று வால் நீண்டது. அவர் திரும்பவில்லை. சொம்பை நிதானமாகச் சாய்த்துத் தண்ணீர் குடித்தார்.  கூப்பிட்டும் வராத சாப்பாட்டு வேளைகள், மகனின் போன், மின்சாரக்காரர், திருப்பி அனுப்பிய கட்டுகள் எல்லாம் வரிசையாக வந்து அவள் முன்னால் நின்றன. திமிர் என்று நினைத்துத் திட்டியதெல்லாம் யாருக்குப் போய்ச் சேர்ந்தது? பாதிக்குமேல் அவருக்குக் கேட்டே இருக்காது.

பாவம் என்று இருந்தது. பயமாக இருந்தது. அதற்கும் மேலே, ஆதியிலிருந்து இருக்கிற எரிச்சல்தான் பொங்கிக்கொண்டு வந்தது. இழைப்பு மெஷின் ஓடும்போது காதில் வைத்துக்கொள்ளுங்கள் என்று தினமும் பஞ்சு உருட்டிக் கொடுத்தவள் அவள். காதை அடைத்துக்கொண்டு எவனாவது மர வேலை செய்வானா என்று அதை அரக்குக் கிண்ணத்தில் போட்டுவிட்டுப் போனவர் அவர்.

காது டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போவதற்கு ஒரு யுத்தம் நடந்தது. அங்கே ஒரு சின்ன அறைக்குள் உட்காரவைத்து, காதில் ஹெட்போனை மாட்டிவிட்டு, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்துங்கள் என்றார்கள். கண்ணாடிக்கு வெளியிலிருந்து பாலிஷ்காரம்மா பார்த்தாள். முதலில் டக் டக்கென்று அழுத்தினார். பிறகு இடைவெளி விழுந்தது. பிறகு கட்டைவிரல் பொத்தான்மேலேயே காத்துக்கொண்டிருந்தது, கண்ணை மூடியிருந்தார், முகத்தில் மகாராணியைக் கேட்கிற அதே பவ்யம். அழுத்தவே இல்லை. திரையில் ஒரு கோடு சரிந்து இறங்கியது.

வெளியே வந்தவர் அறையின் சுவரைத் தட்டினார். "ரூமு சரியில்ல டாக்டர். சுவர் முழுக்க ப்ளைவுட். இதுல என்ன கேட்கும்?"

"தாழ்வான சுருதிச் சத்தம் உங்களுக்கு நல்லாக் கேட்குது," என்றார் டாக்டர், அவருக்கு நேரே முகத்தைக் காட்டி, நிறுத்தி நிறுத்தி. "சுருதி மேல போகப் போகத்தான் இல்ல. மணி, பறவை, பொம்பளைங்க பேச்சு, இந்த மாதிரி. மெஷின் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாத் தின்னுருக்கு. போனது வராது. கருவி வச்சுக்கலாம்."

கருவி வாங்கியாயிற்று. ஒருநாள் வைத்துக்கொண்டார். தகர டப்பாவுக்குள் குடியிருக்கிற மாதிரி இருக்கிறது, குழாய்த் தண்ணீர்கூட வறுத்த மாதிரி கொட்டுகிறது என்று கழற்றி, உளிகள் கிடக்கிற இழுப்பறையில் போட்டார். போட்டதோடு தட்டுவதையும் விட்டுவிட்டார். பலகையைத் தொடவில்லை. காலையில் மகாராணியை இறக்கவில்லை. பட்டறையில் முக்காலியில் உட்கார்ந்து உளியைத் தீட்டிக்கொண்டே இருந்தார். தீட்டுவதற்கு ஒன்றும் மிச்சமில்லாத பிறகும் தீட்டினார். பக்கத்து வீட்டு அட்டைப்பெட்டிக் கதவைத் தாண்டி, விரலை மடக்காமல், தலைகுனிந்துகொண்டு போனார். இத்தனை வருஷமாக எதை நிறுத்தித் தொலைக்க மாட்டாரா என்று பாலிஷ்காரம்மா ஏங்கினாளோ, அது நின்றுவிட்டது. அவளுக்கு அதுவும் பொறுக்கவில்லை.

அந்தப் பெண்மணியின் போன் மறுபடி வந்தது. "வேற ஆளைப் பார்க்கச் சொல்லு," என்றார் காதுக்காரர் உளியிலிருந்து கண்ணை எடுக்காமல். "காது இல்லாதவன் செஞ்சா அது மரப்பெட்டி. இனிமே இங்க ஒண்ணும் நடக்காது."

இவள் போனில், "மேல்பலகை வேலைதாம்மா நடந்துக்கிட்டிருக்கு," என்றாள். வைத்துவிட்டு மர அறைக்குப் போய், ஸ்டூலில் ஏறி, மகாராணியைத் துணியோடு இறக்கிக்கொண்டு வந்து, அவர் தீட்டிக்கொண்டிருந்த கல்லுக்குப் பக்கத்திலேயே வைத்தாள். அவருக்கு நேரே குனிந்து, டாக்டர் பேசினதுபோல நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

"இது சாகல. நான் கேட்டேன்."

"உனக்கு என்ன தெரியும்?"

"என்ன தெரியுமா? இத்தனை வருஷமாப் பக்கத்து அறையில உட்கார்ந்து நீங்க தட்டுறதைத்தான கேட்டுட்டிருக்கேன். எது நல்லா இருக்கு, எது டொக்குன்னு நீங்க வாயைத் திறக்கிறதுக்கு முன்னாடியே எனக்குத் தெரியும். எனக்கும் ரெண்டு காது இருக்கு. அதுக்குள்ள இத்தனை நாளா என்ன விழுந்துச்சுன்னு நினைச்சீங்க?"

 இந்த முறை அவருக்குக் கேட்கவில்லை என்று அவளால் நினைக்க முடியவில்லை, ஏனென்றால் உளி தீட்டுகிற கை நின்றுவிட்டிருந்தது. அவள் போய் சோற்றை வடித்தாள். வேண்டுமென்றே சமையலறைக் கதவைத் திறந்துவைத்து வடித்தாள்.

மறுநாள் காலையில் இழைப்புளி ஓடுகிற சத்தம் கேட்டது. மகாராணியின் இரண்டு பாதியையும் ஓரம் சேர்த்து, வஜ்ஜிரம் போட்டு ஒட்டினார். காய்ந்ததும் கிட்டாரின் உருவத்துக்கு அறுத்தார். அதுவரை எல்லாம் கண்ணாலும் கையாலும் ஆகிற வேலை. அதற்கப்புறம்தான் காது. மேல்பலகையை இடத்துக்கு இடம் தட்டிப்பார்த்து, எங்கே மந்தமாகப் பேசுகிறதோ அங்கே பென்சிலால் ஒரு புள்ளி வைத்து, புள்ளி வைத்த இடத்தை மட்டும் சீவி மெலிதாக்க வேண்டும். ஒரு சீவல் குறைந்தால் சத்தம் அமுங்கிக் கிடக்கும், ஒரு சீவல் கூடினால் காலமெல்லாம் குழறும். இந்த இடத்தில்தான் அவர் யாரையும் அறைக்குள் விடமாட்டார். முள்ளைப் பார்ப்பார், கதவைச் சாத்துவார், தாழ் போடுவார்.

பாலிஷ்காரம்மா கறுப்பு ஈட்டி முதுகுக்கு அரக்கு தேய்த்துக்கொண்டிருந்தாள். தாழ் போடுகிற சத்தத்துக்காகக் காத்திருந்தாள். அது வரவில்லை. தலையை நிமிர்த்தினால் அவர் அவளுடைய அறைக்குள்ளேயே வந்து நின்றுகொண்டிருந்தார். ஒரு கையில் மகாராணி. காதில் பென்சில். முக்காலியைக் காலால் இழுத்துப்போட்டு, அவளுக்கு நேராக உட்கார்ந்தார். துணிப்பந்தைக் கீழே வை என்று கண்ணால் சொன்னார். பலகையை இரண்டு விரலில் தொங்கவிட்டு, தன் காதருகே அல்ல, அவள் காதருகே கொண்டுபோனார்.  கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவ்வளவு நேராக அவர் அவள் முகத்தைப் பார்த்ததாக அவளுக்கு நினைவில்லை.

தட்டினார். பார்த்தார். விரலை ஓர் அங்குலம் நகர்த்தித் தட்டினார். பார்த்தார்.

"நல்லா இருக்கு," என்று ஆரம்பித்தாள்.

"பேசாத. பேசினா எனக்குப் பாதிதான் கேட்குது. முகத்தை மட்டும் காட்டு."

தட்டினார். இடது ஓரத்துக்குப் பக்கத்தில் சத்தம் கொஞ்சம் மங்கியது. அவள் முகம் சுருங்கியது. அவர் விரல் அந்தரத்தில் நின்றது.

"நீ சும்மாவே மூஞ்சியை அப்படித்தான் வச்சிருப்ப," என்றார் காதுக்காரர். "இந்தச் சுளிப்பு மரத்துக்கா, எனக்கா?"

"ரெண்டுக்கும்," என்றாள் அவள், உதட்டை நன்றாக அசைத்து.

அவர் காதிலிருந்து பென்சிலை எடுத்து, அந்த இடத்தில் ஒரு புள்ளி வைத்தார்.